எழுபதா? கண்ணைச் சிமிட்டுங்க!

பத்மாவதித் தாயாருக்கும் சீனிவாசனுக்கும் கல்யாணம் நடந்த ஊர் நம்ம நாராயணவனம். அந்தக் கல்யாணத்துக்காகக் குபேரனிடம் வாங்கிய கடனை ஏழுமலையான் இன்னும் அடைத்து முடிக்கவில்லை என்பது ஐதீகம். சாமிக்குக் கல்யாணக் கடன் என்றால், நம் வீடுகளில் ஆஸ்பத்திரிக் கடன். அந்தக் கடனுக்கு முட்டுக்கட்டை போட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தில் வந்ததுதான் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை. 2024 அக்டோபர் 29-ல் பிரதமர் தொடங்கிவைத்தார். 70 வயது நிறைந்தவர்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சை இலவசம். அட்டை எப்படிக் கைக்கு வருகிறது? வாங்க, திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்போம்!

முதல் ஆச்சரியம், கேட்காத கேள்விகள். வருமானம் எவ்வளவு? கேட்பதில்லை. வீடு கூரையா, மாடியா? கேட்பதில்லை. சர்க்கரை, பிரஷர் எத்தனை வருஷமாக? அதற்கும் தடையில்லை, பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே காப்பீடு உண்டு. தகுதிக்குக் கேட்பது வயசு ஒன்றைத்தான். அதையும் ஜாதகத்தைப் பார்த்து இல்லை, ஆதாரைப் பார்த்து! அங்கேதான் வேடிக்கை. பிறந்த தேதி தெரியாத தலைமுறைக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று எழுதி வைத்த வீடுகள் எத்தனையோ. தாத்தாவுக்கும் அவ்வாவுக்கும் ஒரே நாளில் பிறந்தநாள். உண்மையில் 74 ஆன பெரியவர் ஆதாரில் 67 என்றால், கம்ப்யூட்டருக்கு அவர் இன்னும் இளைஞர்தான்!

இனி மேடைக்குள். போனில் ஆயுஷ்மான் செயலி திறக்கிறது. ஆதார் எண்ணைப் போட்டதும், "இவர்தான் அவர்" என்று நிரூபிக்க நாலு வழி: போனுக்கு வரும் ஓ.டி.பி., கைரேகை, கருவிழி, முகம். ஓ.டி.பி. சுலபம்தான். ஆனால் ஆதாரில் இருப்பது பேரன் எப்போதோ தூக்கிப் போட்ட பழைய நம்பராக இருக்கும். கைரேகையா? தறியில் இழை பிடித்து, புளி கரைத்து, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்துபோன விரல்கள். புடவைத் தலைப்பில் துடைத்து, ஊதி, மறுபடி வைத்தாலும் கருவி உதட்டைப் பிதுக்கும். கடைசியில் முகம்தான் கைகொடுக்கும்.

"அவ்வா, நேரா பாரு. அசையாத."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்!"

"இப்ப கண்ணச் சிமிட்டு."

அவ்வா ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொள்வார். செயலி குழம்பும். மறுபடி முதலிலிருந்து! எதற்கு இந்தச் சிமிட்டல்? எதிரில் இருப்பது உயிருள்ள ஆளா, சுவரில் மாட்டிய போட்டோவா என்று தெரிய வேண்டாமா! பொருந்தியதும் ஆதார் சர்வரிலிருந்து பெயர், பிறந்த தேதி, விலாசம், படம் எல்லாம் தானாக வந்து உட்காரும். புதுப் படம் ஒன்று, குடும்ப விவரம், ஓர் உறுதிமொழி, அவ்வளவுதான். மாசம் பிறந்ததும் வீட்டு வாசலிலேயே விரல் வைத்துப் பென்ஷன் வாங்கிப் பழகிய நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு இது புதுசில்லை.

அந்த உறுதிமொழியில் ஒரு கண்ணி உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ்., மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். போன்றவை இருந்தால், அதுவா இதுவா என்று ஒரே ஒரு தடவைதான் தேர்ந்தெடுக்கலாம். யோசித்துத் தொடுங்கள்! தனியார் பாலிசியோ ஈ.எஸ்.ஐ.யோ இருந்தால் கவலை வேண்டாம், ரெண்டும் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு கணக்கு. குடும்பம் ஏற்கனவே ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் இருந்தால், 70 தாண்டியவர்களுக்கென்று தனியாக இன்னொரு 5 லட்சம். மகனோ மருமகளோ அதில் கை வைக்க முடியாது. ஆனால் ஒரே வீட்டில் தாத்தாவும் அவ்வாவும் 70 தாண்டியிருந்தால், ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அந்த 5 லட்சம்.

கால் பிசகினால் பக்கத்துப் புத்தூருக்கு ஓடிக் கட்டுப் போட்டுக்கொள்கிற ஊர் இது. கண்புரை, டயாலிசிஸ், ஸ்டென்ட் என்று வந்தால் திருப்பதிப் பக்கம்தான். அங்கே திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதலில் தேட வேண்டியது டாக்டரை இல்லை, ஆரோக்கியமித்ரா மேசையை. ராஜீவ் ஆரோக்கியஸ்ரீ மருத்துவத் திட்டம் தொடங்கிய 2007-லிருந்தே ஆந்திராவில் பழகிப்போன மேசை அது. அட்டையைப் பார்த்து ஆளைச் சரிபார்த்து, சிகிச்சைக்கு முன்அனுமதி கேட்டு அனுப்புவார்கள். அனுமதி வந்து சிகிச்சை முடிந்தபின் பணம் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகும். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: படுக்கையில் சேராமல் சீட்டு வாங்கிப் பார்க்கிற வைத்தியத்துக்கு இந்த அட்டை செல்லாது.

ஆகவே மக்களே, தாத்தா அவ்வாவின் ஆதாரை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வயசு சரியா? போன் நம்பர் உயிரோடு இருக்கிறதா? சந்தேகம் வந்தால் 14555-க்குப் போன் போடுங்கள், காசு கிடையாது. நெஞ்சு வலி வந்த ராத்திரியில் கண் சிமிட்டப் பழகிக்கொண்டிருக்க முடியாது!