கால் வீக்கம் வெறும் களைப்புத்தானா?

சிகாமட் முதல் கூலாய் வரை ஜொகூர்த் தோட்டங்களில் வாழும் நம் மக்களுக்கு ஒரு வார்த்தை. பெரியவர்களுக்குக் கால் வீங்கினால் நாம் என்ன சொல்கிறோம்? "நாள் பூரா நின்ன காலு, அப்படித்தான் இருக்கும்" என்று தைலம் தேய்த்துவிட்டுப் படுத்து விடுகிறோம். ஆனால், இருதயம் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருப்பவருக்கு அது களைப்பு அல்ல, எச்சரிக்கை!

இருதயம் ஒரு பம்பு. அது தளர்ந்தால் இரத்தம் தேங்குகிறது. சிறுநீரகமும் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த நீர் காலிலும் வயிற்றிலும் நுரையீரலிலும் சேருகிறது. பிறகு மல்லாந்து படுக்க முடியாது. ஒரு தலையணை மூன்றாகும். நடுச்சாமத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டி வரும்.

அதுவரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. மூச்சு முட்டுவதற்குச் சில நாள் முன்பே எடை ஏறத் தொடங்கிவிடும். மரத்துப் பாலை நாள் தவறாமல் நிறுத்துக் கணக்கு எழுதியவர்கள்தானே நாம்? உடம்புக்கும் அந்தக் கணக்கு வேண்டும். காலையில் எழுந்து, ஒண்ணுக்குப் போய்விட்டு, பசியாறுவதற்கு முன், ஒரே மெஷினில், ஒரே மாதிரி உடுப்பில் நின்று, எடையைக் கலண்டரில் எழுதுங்கள். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே கிளினிக்குக்குப் போங்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி நின்றால் அதையும் சொல்லுங்கள்.

நுரையீரல் இரத்தக் குழாயில் பொருத்தி அழுத்தத்தை அளக்கும் சிறு கருவிக்கு அமெரிக்கா 2014-ல் அனுமதி தந்தது. நம் வீட்டு எடை மெஷினும் அதே நீரைத்தான் காவல் காக்கிறது.

"வேலைக்குப் போற நாள்ல அடிக்கடி ஒண்ணுக்கு வருதுங்க" என்று நீர் மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. நிறுத்தாதீர்கள்! எந்த நேரத்தில் சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். கருவாடு, ஊறுகாய், கிச்சாப், பாக்கெட் மீ எல்லாம் உப்பு. உப்பு நீரைப் பிடிக்கும். கடையில் வாங்கும் மூட்டுவலி மாத்திரைகளில் பலவும் அப்படியே.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். உட்கார்ந்தும் மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், விடியும் வரை பார்க்காதீர்கள், 999-ஐ அழையுங்கள்.

நிறுங்கள், எழுதுங்கள், நேரத்தோடு போங்கள். உழைத்து ஓய்ந்த நம் பெரியவர்கள் நிம்மதியாக மூச்சு விடட்டும்!