கேஜ் யார் கையில்?

திண்டிவனத்தில் ஒரு மாடி வீடு. ஏப்ரல் வெயில். படுக்கையறைக் கதவைத் திறந்துவிட்டு, "உள்ள வாங்க தம்பி, இந்தச் சுவருதான்" என்கிறார் வீட்டுக்காரம்மா. துளை போடும் மெஷினோடு உள்ளே போகிறார் 26 வயது ஏசி மெக்கானிக். பின்னால் இன்டோர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு 18 வயது உதவியாளர். அவர்களுக்குப் பின்னால் நாம்.

மெக்கானிக்கின் ஊர் அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அவர் அப்பா கரும்பு வெட்டும் கூலி. கூலி வாங்க ஊர்த்தெருவுக்குப் போனால் இன்றும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார். "எங்கப்பா தாண்டாத வாசப்படி அது. நான் டவுன்ல யார் யார் பெட்ரூம்லயோ நின்னு வேலை பாக்குறேன். அவருக்கு அது இன்னும் நம்ப முடியல" என்றார் நம்மிடம். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். டவுனில் யாரும் சாதி கேட்பதில்லை. ஊர் எது என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னால் எந்தத் தெரு என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு சிலர் போன் செய்வதில்லை. "காலனி" என்ற சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து நீக்குவதாக 2025-ல் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. அந்தச் சொல் வாயில் இருந்து எப்போது நீங்கும் என்று எந்த அறிவிப்பும் இல்லை.

வேலைக்கு நடுவில் காபி வந்தது. வீட்டாருக்கு எவர்சில்வர் டம்ளர், நம் மூவருக்கும் பேப்பர் கப். வெளியாட்கள் எல்லோருக்கும் அப்படித்தானோ என்னவோ. அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். நாமும் குடித்தோம்.

டீ வாங்கிட்டு வா

பிளஸ் டூ முடித்ததும் சென்னைக்குப் போய் ஒரு கான்ட்ராக்டரிடம் உதவியாளராகச் சேர்ந்தவர் இவர். மூன்று வருடம். ஒன்றரை டன் ஏசியின் அவுட்டோர் யூனிட் நல்ல கனம். லிப்ட் இல்லாத கட்டடத்தில் அதைத் தோளில் ஏற்றி மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். சுவரில் துளை போட வேண்டும், தூசியைக் கூட்ட வேண்டும். எல்லாம் இவர் வேலை. பைப் பொருத்தி, கேஜை மாட்டும் நேரம் வந்ததும் பெரிய மெக்கானிக் திரும்பிப் பார்ப்பாராம்: "டேய், போய் டீ வாங்கிட்டு வா."

முதலில் இவருக்குப் புரியவில்லை. டீ நேரம் அதுதான் என்று நினைத்தார். ஆறு மாதம் கழித்துத்தான் கவனித்தார், கேஸ் வேலை வரும்போதெல்லாம் டீக்கடைக்குத் துரத்தப்படுகிறோம் என்று. அந்த மெக்கானிக்கின் சொந்தக்காரப் பையன் ஒருவன் இவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தான். நான்கே மாதத்தில் அவன் கையில் கேஜ் இருந்தது. இவர் கையில் டீ கிளாஸ் இருந்தது.

சென்னை, புதுச்சேரி, பெங்களூரு என்று ஏசி வேலைக்குப் போன நம் தெருப் பிள்ளைகள் பலரிடம் பேசியிருக்கிறோம். தூக்குகிற வேலையும் துளைக்கிற வேலையும் தாராளமாகக் கிடைக்கிறது. அளக்கிற வேலைக்கு வரும்போதுதான் கதவு சாத்தப்படுகிறது. கூலியும் மரியாதையும் அளக்கிறவருக்குத்தான். அந்த அளக்கிற வேலை என்ன என்பதை, ஒரு நாள் முழுக்கக் கூடவே நின்று பார்த்ததை, இங்கே எழுதுகிறோம். அதில் ரகசியம் எதுவும் இல்லை. பத்தாம் வகுப்பு அறிவியலும் கொஞ்சம் கணக்கும் தெரிந்தால் போதும்.

அரை மில்லிமீட்டர் பாதரசம்

முதலில் இன்டோர் யூனிட்டுக்கான தகட்டை மட்டப்பலகை வைத்துச் சுவரில் அடித்தார். பைப் போகும் துளையை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாகச் சாய்த்துப் போட்டார். சாய்வு இல்லாவிட்டால் ஏசித் தண்ணீர் வீட்டுக்குள் ஒழுகும். அடுத்து காப்பர் பைப். கால் இஞ்சில் ஒன்று, அரை இஞ்சில் ஒன்று. வெட்டிய முனையில் பிசிறு இருக்கும். அதைச் சுரண்டும்போது முனையைக் கீழ்நோக்கிப் பிடிக்கிறார். தூள் பைப்புக்குள் விழுந்தால் நேரே கம்ப்ரசருக்குப் போகும். பிறகு முனையைப் புனல் போல விரித்து நட்டுக்குள் உட்கார வைக்கிறார். இதற்குப் பெயர் ஃபிளேர். ஏசியில் கேஸ் ஒழுகுகிறது என்றால் பெரும்பாலும் இந்த இடம்தான். இதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் நமக்கே அலுப்பாக இருந்தது. ஒரு ஃபிளேர் சரியாக வரவில்லை என்று வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்தார்.

பைப் இணைந்ததும் நைட்ரஜன் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். குமிழ் வரவில்லை. வெல்டிங் ஆக்சிஜன் கையில் இருக்கிறதே என்று அதை ஏற்றி லீக் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கம்ப்ரசரில் எண்ணெய் உண்டு. அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். இந்தத் தொழிலுக்குப் போகும் தம்பிகள் இந்த ஒன்றை மட்டுமாவது மறக்க வேண்டாம்.

அடுத்து வந்தது வாக்யூம் பம்ப். பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். பள்ளியில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம் என்று படித்திருப்பீர்கள். ஒரு மில்லிமீட்டருக்கு 1,000 மைக்ரான். பம்ப் அதை 500 மைக்ரானுக்கு, அதாவது அரை மில்லிமீட்டருக்கு இறக்க வேண்டும். அழுத்தம் குறையக் குறையத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறையும் என்பது பாடம். அரை மில்லிமீட்டரில், பைப்புக்குள் ஒட்டியிருக்கும் ஈரம் அடுப்பே இல்லாமல் கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். அரை மணி நேரம் ஓடியது. பம்பை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் முள் ஏறுகிறதா என்று பார்த்தார். ஏறினால் எங்கோ ஓட்டை அல்லது உள்ளே இன்னும் ஈரம்.

பம்ப் இல்லாதவர்கள் அவுட்டோரில் உள்ள கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளிவிடுவார்கள். இரண்டு நிமிட வேலை. கேஸும் குறையும், ஈரமும் உள்ளே தங்கும். அது எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரசரை அரிக்கும். ஏசி அன்றைக்குக் குளிரும். இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும்.

இப்போது கேஸ். புது ஏசிக்குக் கேஸ் தனியாக வாங்க வேண்டியதில்லை. அவுட்டோர் யூனிட்டுக்குள் கம்பெனியிலேயே நிரப்பித்தான் வருகிறது. ஆனால் அது குறிப்பிட்ட நீளப் பைப்புக்கான அளவு. இந்த ஏசியின் கையேட்டில் 5 மீட்டர் என்று போட்டிருந்தது. அதற்கு மேல் மீட்டருக்கு 20 கிராம். இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இந்த வீட்டில் பைப் 8 மீட்டர். மூன்று மீட்டர் கூடுதல், 60 கிராம். சிலிண்டரைத் தராசில் வைத்து, வெறுமையாக இருக்கும் பைப்புக்குள் 60 கிராம் போனதும் மூடினார். பிறகு அல்லன் கீ போட்டு அவுட்டோர் வால்வுகளைத் திறந்தார். உஸ்ஸென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இதைப் பார்க்கக் கூடாது என்றா மூன்று வருடம் டீ வாங்கப் போனீர்கள் என்று கேட்டோம். சிரித்தார்.

பழைய ஆட்கள் தராசு வைப்பதில்லை. கேஜ் முள்ளைப் பார்த்து, "60 வந்துச்சா, போதும்" என்பார்கள். அது ஆர்-22 கேஸ் காலத்துக் கணக்கு. இப்போது வருகிற ஆர்-32, ஆர்-410ஏ கேஸ்களுக்கு அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் முள்ளும் மாறும். யூனிட்டின் தகட்டில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. ஆர்-410ஏ இரண்டு கேஸ்கள் கலந்தது. அதைத் திரவமாகத்தான் ஏற்ற வேண்டும். ஆவியாக எடுத்தால் கலவையின் விகிதம் மாறிவிடும். ஆர்-32 தனிக் கேஸ், அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அது தீப்பிடிக்கும் தன்மை கொண்டது. மூடிய அறையில் கேஸ் ஒழுகும்போது பீடி பற்றவைப்பது, பைப்பை வெல்டிங் செய்வது எல்லாம் ஆபத்து.

ஏசி வாங்கியிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச்சுற்றி வருவது அது. வருடா வருடம் கேஸ் போட வேண்டும் என்று யாராவது சொன்னால், ஓட்டை எங்கே என்று கேளுங்கள்.

சன்ஷேடில் நின்ற நண்பன்

சென்னையில் இவரோடு வேலை பார்த்த செய்யாறு பக்கத்துப் பையன் ஒருவன், இரண்டாம் மாடி சன்ஷேடில் நின்று அவுட்டோரைப் பொருத்தும்போது கீழே விழுந்தான். பெல்ட் இல்லை. இடுப்பெலும்பு உடைந்தது. கான்ட்ராக்டர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போனவர்தான். அந்தப் பையன் தன்னிடம் வேலை பார்த்ததற்கே எழுத்தில் எதுவும் இல்லை என்றார். பையன் இப்போது ஊரில் இருக்கிறான். நடக்கிறான், எடை தூக்க முடியாது.

அன்றில் இருந்து இவர் பெல்ட் இல்லாமல் சன்ஷேடில் கால் வைப்பதில்லை. கயிற்றை வெளியே எங்கும் கட்டாமல் அறைக்குள் ஜன்னலுக்கு அப்பால் உள்ள தூணில் கட்டுகிறார். உதவியாளரின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி, பிரதமர் விபத்துக் காப்பீட்டில் சேர்த்திருக்கிறார். 18 முதல் 70 வயது வரை யாரும் சேரலாம். வருடத்துக்கு 20 ரூபாய். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஒரு உயிருக்கு அது ஈடா என்ன? ஆனால் அந்த 20 ரூபாயைக்கூடக் கட்டாத கான்ட்ராக்டர்களிடம்தான் நம் பிள்ளைகள் மாடி ஏறுகிறார்கள்.

உயரம் மட்டுமே ஆபத்து அல்ல. வீடு மாறும்போது ஏசியைக் கழற்றக் கேஸை அவுட்டோருக்குள் இழுத்து அடைப்பார்கள். திரவ வால்வை மூடிக் கம்ப்ரசரை ஓடவிட்டு, கேஸ் உள்ளே போனதும் அடுத்த வால்வை மூடி உடனே நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் பைப் எங்காவது திறந்திருந்தால் கம்ப்ரசர் காற்றை இழுத்துவிடும். காற்றும் எண்ணெயும் அழுத்தத்தில் சூடானால் யூனிட்டே வெடிக்கும். டீ வாங்க அனுப்பப்பட்ட பையன் ஒருநாள் தனியாக இந்த வேலைக்குப் போகிறான் என்றால், சொல்லித்தராததன் விலை அவன் உயிர்.

21 வயதில் சென்னையை விட்டு வந்து அரசு ஐடிஐயில் சேர்ந்தார் இவர். "வயசாகிப் போச்சேன்னு வெக்கமா இருந்துச்சு அண்ணா. கூடப் படிச்சதெல்லாம் சின்னப் பசங்க." சேர்க்கை அறிவிப்பில் "குளிர்சாதனம் மற்றும் தட்பவெப்பநிலை கட்டுப்பாட்டுத் தொழில்நுட்பவியலாளர்" என்று நீளமாக ஒரு பிரிவு இருக்கும். அதுதான் இது. இரண்டு வருடம், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எல்லா ஐடிஐயிலும் இந்தப் பிரிவு இல்லை, விண்ணப்பிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்கள் ஐடிஐ சேர்ந்தாலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. மாணவிகளுக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன். இந்த வேலைக்குப் பெண்கள் வருவதில்லை என்பார்கள். கேஜ் பார்க்கவும் தராசு பார்க்கவும் எந்த மீசை வேண்டும் என்று தெரியவில்லை.

சட்டமும் கலையும் படித்தால் மட்டும் நம் மக்களுக்குப் போதாது, அறிவியலும் தொழில்நுட்பமும் வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் 1942-ல் வைஸ்ராய்க்குக் கொடுத்த மனுவில் வாதாடினார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் இளைஞர்களைத் தொழில் பழகுநராகச் சேர்க்க வேண்டும் என்று அதில் கேட்டார். அன்று அவர் கேட்ட பணிமனைக் கதவுதான் இன்று கேஜ் வடிவில் நிற்கிறது என்று நமக்குத் தோன்றியது.

இவர் கடைக்கு முதலீடு 70 ஆயிரம். வாக்யூம் பம்ப், தராசு, கேஜ் எல்லாம் பழையது வாங்கியது. அம்மாவின் தோடு அடகில் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருப்பதே தெரியாது என்றார். 2023-ல் வந்த திட்டம். பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் தொடங்கும் தொழிலுக்கு மூலதனத்தில் 35 சதவீதம் மானியம், கடன் வட்டியில் 6 சதவீதம் தள்ளுபடி. வங்கி மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதுதான் மலை. இருந்தாலும் கேட்காமல் விடாதீர்கள். அடுத்த வாரம் அவரோடு நாமும் போகிறோம்.

மாலை நான்கு மணிக்கு இரண்டாவது வீடு. ஏசி குளிரவில்லை, இரண்டு வருடமாகக் கேஸ் போட்டும் பயனில்லை என்றார் வீட்டுக்காரர். மெக்கானிக் தொடவில்லை. பெட்டியில் இருந்து கேஜை எடுத்து உதவியாளரிடம் கொடுத்தார். "நீ மாட்டு. சோப்புத் தண்ணி எங்க தடவணும்னு நீயே சொல்லு."

பையன் அரை இஞ்சு நட்டைக் காட்டினான். தடவினான். குமிழ் வந்தது. பழைய ஃபிளேரில் முடி அளவு விரிசல்.

"வெட்டி, புதுசா போடு. நான் டீ வாங்கிட்டு வரேன்" என்று படியிறங்கினார் மெக்கானிக்.