130 டாலரும் ஒரு குமாஸ்தாவும்

அமெரிக்காவிலே கிளீவ்லாந்து என்றொரு தொழில் நகரம். அங்கே சீகல் எழுத, ஷூஸ்டர் வரைய, பிறந்தான் படக்கதை வீரன் சூப்பர்மேன். 1938-இல் கம்பெனியார் 130 டாலரை நீட்டினர். உரிமை முழுவதையும் எழுதி வாங்கினர். இருவருக்குமாகச் சேர்த்துத்தான் 130! சூப்பர்மேன் கோடி கோடியாய்க் குவித்தான். படைத்தவர் பெயரோ ஏட்டிலிருந்தே மறைந்தது. வழக்காடினர்; உரிமை திரும்பவில்லை. ஷூஸ்டரின் கண்ணொளி மங்கிற்று. ஊரறியக் குமுறிய பிறகே, 1975-இல், ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டாலர் தர இசைந்தது கம்பெனி. கொடையா இது? 37 ஆண்டுக் கூலிப் பாக்கி!

அதே ஊரில் இன்னொருவர், ஹார்வி பெக்கார். போர்வீரர் மருத்துவமனையில் கோப்பு அடுக்கும் குமாஸ்தா. எந்தப் பதிப்பாளர் வாசலிலும் காத்திராமல், 1976 முதல் கைக்காசைப் போட்டு ‘அமெரிக்கன் ஸ்ப்ளெண்டர்’ படக்கதை இதழை அச்சிட்டார். வேடிக்கை என்னவென்றால், அவருக்கு வரையவே வராது! குச்சி உருவங்களைக் கிறுக்கிக் கொடுப்பார்; ஓவியர்கள் வரைவார்கள். பறக்கும் வீரனுக்கு அங்கே வேலையில்லை. அலுவலகச் சலிப்பு, வீட்டுச் சச்சரவு, கடையிலே நகராத வரிசை, இவைதாம் கதை. பாராட்டு வந்தது; பணம் வரவில்லை. நட்டத்தைச் சம்பளம் தாங்கிற்று. அவர் வாழ்க்கை திரைப்படமானது 2003-இல். 2001-இல் ஓய்வு பெறும்வரை அந்தக் கோப்பறையை அவர் விடவேயில்லை.