உப்புக் காற்றும் புவித்தொடுப்பும்

ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. இடையே ஒடுங்கிய நிலம் இலங்கையின் வாகரை. மாரியில் வாடைக்காற்று கொணரும் உப்பீரம் இங்கு எந்த உலோகத்தையும் விட்டுவைப்பதில்லை. இக்கரையில் நிற்கும் பழைய மொரிஸ் மைனர் கார் காலையிற் கிளம்ப மறுத்தால், “பற்றரி போயிற்று” என்று முடிவுகட்டுவதே வழக்கம். முதலிற் பார்க்கவேண்டியது, மின்னோட்டம் மின்கலத்துக்குத் திரும்பும் வழியையே.

1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட இக்கார் இலங்கை வீதிகளில் இன்றும் ஓடுகின்றது. அதன் மின்னமைப்பு எளியது: 12 வோல்ற் மின்கலம், தைனமோ, இரண்டே உருகிகள். விளக்குக்குச் செல்வது ஒற்றைக் கம்பி. திரும்பும் பாதை காரின் உருக்குடலே. ஆதலால் உடலில் முறுக்கப்பட்ட ஒவ்வொரு புவித்தொடுப்புத் திருகாணியும் மின்சுற்றின் ஓர் உறுப்பு. அங்கே உப்பீரம் புகுந்தால் இரும்பில் துருவும் செம்பில் பச்சைக் களிம்பும் படர்ந்து மின்தடை ஏறும். மைனர்கள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். ஈரப்படலத்தினூடே மின் கசியுமிடத்தில் நேர்முனைப் பக்க உலோகமே கரையுமாதலின், கம்பிமுனை தப்பி உடற்தகடு தேயும்.

முன்விளக்குகள் இரண்டும் 7 அம்பியர் இழுக்கின்றன என்று கொள்வோம். துருவேறிய தொடுப்பின் தடை 0.2 ஓம் எனில் 1.4 வோல்ற் அங்கேயே வீணாகும். இழைவிளக்கின் ஒளி மின்னழுத்தத்தைவிட விரைந்து குன்றுவது. அவ்விழப்பால் ஒளியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மறையும். திரும்பும் வழி அடைபட்டால் மின்னோட்டம் அயல்விளக்கின் இழையூடாகவும் வழிதேடும். திருப்புச் சமிக்ஞையைப் போடுகையில் பின்விளக்கும் சேர்ந்து மங்கலாகத் துடிப்பது இதனாலேயே.

தொடக்கி மோட்டரில் நிலைமை இன்னும் கடிது. எஞ்சின் இறப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், அதனை உடலோடு மின்வழி இணைப்பது ஒரு செம்புப் பின்னல் பட்டையே. அது களிம்பேறி வலுவிழந்தால், மின்னோட்டம் மெல்லிய சோக் கம்பிவழியே பாய்ந்து அதனைச் சுடவைக்கும். கையால் தொட்டே அறியலாம். 150 அம்பியர் பாய்கையில் 0.02 ஓம் தடைகூட 3 வோல்ற்றை விழுங்கிவிடும். இத்தனை சிறிய தடையைச் சாதாரண ஓம்மானி காட்டாது. அதன் சொந்தக் கம்பிகளின் தடையே இதனினும் மிகுதி.

எனவே ஓட்டம் பாயும்போதே அளக்கவேண்டும். வோல்ற்மானியின் ஒரு முனையை எஞ்சினின் வெற்றுலோகத்திலும் மறுமுனையை மின்கலத்தின் புவித்தொடுப்பு முனையிலும் வைத்து, தொடக்கியைச் சுழலச் செய்க. அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் பழுது அவ்விரு இடங்களுக்கிடையே உள்ளது. முனையைப் படிப்படியாக நகர்த்தினால், அளவு சட்டென மாறுமிடத்தில் குற்றவாளித் திருகாணி அகப்படும். இவ்வளவு எளிய சோதனையைச் செய்யாமல் புதிய கொயில், புதிய மின்கலம் என்று வாங்கிக் குவிப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

மின்கல இணைப்பைக் கழற்றிய பின்பே கை வைக்கவேண்டும். மைனரின் முன்விளக்குச் சுற்றுக்கு உருகியே இல்லை. தகடும் கம்பிமுனையும் பளிச்சிடுமாறு உரசி, இறுக முறுக்கி, வாசலீன் பூசி, மீண்டும் அளக்கவேண்டும். வாகரை போன்ற இடத்தில் மாரிக்கு முன் ஒருமுறையும் மாரி கழிந்ததும் ஒருமுறையும் இதனைச் செய்தல் தகும்.