கொரோனாவுக்குப் பயந்து கட்டியை மறைப்பதா?

"கொரோனாவா? அதுதான் போயே போச்சே!" என்கிறோம். நமக்கு இப்போது அது சளி, இருமலோடு போய்விடுகிறது, சரி. வீட்டில் கேன்சருக்கு வைத்தியம் பார்த்துக் கொண்டிருப்பவர் இருந்தால் அப்படி அலட்சியமாக இருக்க முடியாது.

கீமோ மருந்து கேன்சர் செல்லை அழிக்கும்போது, கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களையும் சேர்த்துக் குறைத்து விடுகிறது. கீமோ ஏறி ஒரு வாரம், பத்து நாளில் உடம்பில் எதிர்ப்பு சக்தி மிகவும் கம்மியாக இருக்கும். ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள் பாடு இன்னும் கஷ்டம். அவர்களுக்குத் தடுப்பூசி போட்டாலும் மற்றவர்களைப் போல நன்றாக வேலை செய்வதில்லை. அதனால்தான் கூட இருப்பவர்களும் போட்டுக் கொள்ள வேண்டும் என்றார்கள் டாக்டர்கள்.

நோயை விட பயம் செய்த கெடுதல்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் கள்ளிக்குப்பத்தில் ஓர் அக்காவுக்கு 2020 மே மாதம், ஊரடங்கு சமயத்தில், மார்பில் சுண்டைக்காய் அளவு கட்டி தெரிந்தது. வலி இல்லை. மாமியார், "இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா கொரோனாவைத்தான் வாங்கிட்டு வருவே" என்று தடுத்து விட்டார். மின்சார ரயிலும் இல்லை, மாநகர பஸ்ஸும் இல்லை. பஸ் மறுபடி ஓடியது செப்டம்பர் 1-ம் தேதிதான். ஆட்டோவுக்குக் கொடுக்கக் கையில் காசு வேண்டாமா? அக்டோபரில் போனபோது கட்டி எலுமிச்சம்பழம் அளவு. "முன்னாடியே வந்திருந்தா கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம்மா" என்றாராம் டாக்டர். மார்பையே எடுக்க வேண்டியதாகி விட்டது.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. நாடு முழுக்க 41 கேன்சர் ஆஸ்பத்திரிகளில் கணக்குப் பார்த்தார்கள். 2019 மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிவு செய்தவர்கள் 1,12,270 பேர். 2020-ல் அதே மூன்று மாதத்தில் 51,760 பேர்தான்! பெரிய ஆபரேஷன்களும் பாதியாகக் குறைந்து விட்டன. நோய் என்ன லீவு போட்டதா? அத்தனை பேரும் வீட்டிலேயே இருந்திருக்கிறார்கள்.

நம் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கீமோ போட்டுக் கொண்டு வந்தவரைப் பார்க்க ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக பத்துப் பேர் கிளம்பி விடுகிறோம். அதில் ஒருத்தருக்கு ஜலதோஷம் இருந்தாலும் போதுமே! சளி பிடித்திருந்தால் போனில் விசாரித்தால் என்ன குறைந்து போகும்?

கீமோ நடக்கும் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்கட்டும். 100.4 டிகிரி காட்டினால், 'வைரஸ் காய்ச்சல்தானே' என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடாமல், ராத்திரியாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அது கொரோனாவோ வேறு கிருமியோ, டெஸ்ட் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மார்பகப் புற்றுநோய்க்குத் தினமும் போடும் ஹார்மோன் மாத்திரை வேறு, கீமோ வேறு. அந்த மாத்திரை எதிர்ப்பு சக்தியைக் கீமோ போலக் குறைப்பதில்லை. கொரோனாவுக்குப் பயந்து அதை நீங்களாகவே நிறுத்தி விடாதீர்கள். டாக்டரைக் கேட்டு விட்டு எதையும் செய்யுங்கள்.

- ஒரு வாசகி, கள்ளிக்குப்பம்.