மின்வண்டியின் சிக்கனம்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு 1931. அதற்கும் முன்னர், 1895 முதல், சென்னைத் தெருக்களில் மின்சார டிராம் ஓடியது. 1953இல் அது நின்று போயிற்று. ஆகவே, புகை கக்காத ஊர்தி நம் தலைநகருக்குப் புதிதன்று. ரயில் பயணம் காற்றைக் குறைவாகக் கெடுக்கும் என்று இன்று பலரும் கூறுகின்றனர். அஃது ஏன் என்பதைப் பௌதிகப் பாடத்தின் துணைகொண்டு சிறிது ஆராய்வோம்.

தண்டவாளத்தை ஒரு சக்கரம் தொடும் பரப்பு ஒரு சிறு நாணயத்தின் அளவே. எஃகும் எஃகும் கடினமானவை. எடையைத் தாங்கும்போது மிகச் சிறிதே நசுங்குகின்றன. ரப்பர் டயரோ ஒவ்வொரு சுற்றிலும் தட்டையாகி மீண்டும் நிமிர்கிறது. அவ்வாறு நசுங்கி நிமிர்வதில் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. நெடுந்தூரம் ஓடி நின்ற பேருந்தின் டயரைத் தொட்டுப் பார்த்தவர்க்கு இது விளங்கும். ஒரே எடையை இழுத்துச் செல்லச் சாலையில் வேண்டிய விசையில் ஒரு சிறு பங்கே தண்டவாளத்தில் போதும்.

இந்த வழவழப்பு ஒரு குறையும் ஆகும். செங்குத்தான ஏற்றத்தில் எஃகுச் சக்கரம் வழுக்கும். கல்லாறு முதல் குன்னூர் வரை நீலகிரி மலை ரயில், ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி வீதம் ஏறுகிறது. அதனால்தான் அங்கே பாதையின் நடுவில் பல்சட்டம் பதித்து, பற்சக்கரத்தால் பற்றி ஏறச் செய்தனர்.

மற்றொரு சிக்கனம், வண்டி நிற்கும்போது நிகழ்வது. மிதிவண்டியில் டைனமோவைப் பூட்டியதும் மிதிப்பது கடினமாவதை அறிந்திருப்பீர்கள். வண்டியின் இயக்கமே அங்கு மின்சாரமாகிறது. சென்னையில் 2015இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலும் வேகம் குறையும்போது தன் மோட்டார்களை மின்னாக்கிகளாக மாற்றிக்கொள்கிறது. அம்மின்சாரம் மேலிருக்கும் கம்பிக்குத் திரும்பி, அருகே புறப்படும் மற்றொரு வண்டிக்கு உதவுகிறது. அடிக்கடி நின்று செல்லும் நகர வண்டிக்கு இதனால் வரும் இலாபம் பெரிது.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. அஃது எரிந்தால் வெளிவரும் கரியமிலவாயு இரண்டேகால் கிலோவுக்கு மேல்! எடை எங்கிருந்து கூடிற்று? 12 பங்கு கரி, காற்றிலுள்ள 32 பங்கு பிராணவாயுவோடு சேர்ந்து 44 பங்காகிறது. ரசாயன வகுப்பில் தூங்காதவர்க்கு இது வியப்பளிக்காது.

"மின்சாரமும் நிலக்கரியை எரித்துத்தானே வருகிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் அவ்வாறே வருகிறது. ஆதலின் மின்வண்டியை மாசே இல்லாதது என்பது மிகை. ஆயினும், ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகள் போன்றவை பெருகப் பெருக, அதே வண்டி, அதே தண்டவாளத்தில், முன்னினும் தூய்மையாக ஓடும். இன்று வாங்கும் பெட்ரோல் மோட்டார் சைக்கிளோ தன் ஆயுள் முழுதும் பெட்ரோலையே குடிக்கும். அன்றியும், காலியாக ஓடும் ரயிலால் பயனில்லை. பல டன் எடையை இழுக்கும் செலவு, உள்ளே ஆயிரம் பேர் இருந்தால்தான் ஆளுக்குச் சிறிதாகும்.

இங்குதான் என் கவலை. தலைமை ஆசிரியராக இருந்தபோது, ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், ரயில் பருவச்சீட்டுச் சலுகைக்காக மாணவர் கொணரும் படிவங்களில் கையொப்பமிடுவேன். ஆண்டுகள் செல்லச் செல்ல அக்கட்டு மெலிந்தது. பள்ளி வாயிலில் பெற்றோரின் மோட்டார் வண்டிகள் பெருகின. காரணம் சோம்பல் மட்டுமன்று. நிலையத்தில் இறங்கியபின் எஞ்சும் ஓரிரு கிலோமீட்டருக்குப் பேருந்தும் இல்லை, நடக்க நல்ல நடைபாதையும் இல்லை என்றால் யார்தாம் ரயிலை நாடுவர்? பரங்கிமலையில் மெட்ரோவும் புறநகர் ரயிலும் அருகருகே சந்திப்பதுபோல், ஒவ்வொரு நிலையத்து வாயிலிலும் பேருந்து வந்து நிற்க வேண்டும். மிதிவண்டிகளை நிழலில் நிறுத்த இடம் வேண்டும். கோடிகள் செலவிட்டுப் பாதை அமைப்போர் இச்சிறு செலவில் கை இறுக்குவது எனக்கு விளங்குவதில்லை.

சலுகைப் பருவச்சீட்டு மாணவர்க்கு இன்றும் உண்டு. படிவத்தைக் கேட்டுப் பெறுங்கள்.