எழுதுவது யாருக்கு?

நம் கல்லூரிகளில் அளிக்கப்படும் எழுத்துப் பயிற்சியில் அடிப்படையான குறை ஒன்று உண்டு. மாணவர் எழுதும் கட்டுரையை வாசிப்பவர் ஆசிரியர் ஒருவரே. அவரும் மதிப்பெண் இடுவதற்காகவே வாசிக்கிறார். எழுதப்பட்ட பொருளை மாணவரைவிட நன்கு அறிந்தும் இருக்கிறார். ஆகவே, அறியாதவருக்கு ஒன்றை விளங்கவைக்கும் பொறுப்பு மாணவருக்கு ஏற்படுவதேயில்லை. தாமும் அறிந்தவரெனக் காட்டிக்கொள்வதே எழுத்தின் நோக்கமாகிவிடுகிறது. இப்பழக்கம் பிரசங்க பீடம் வரை தொடருமாயின், சபையார் வியப்பர், விளங்கிக்கொள்ளார்.

பவுலின் திருமுகங்களை நோக்குவோம். அவை சபையார் யாவருக்கும் வாசிக்கப்பட வேண்டியவை (1 தெச. 5:27), ஒரு சபைக்கு எழுதியது அண்டைச் சபைக்கும் செல்ல வேண்டியது (கொலோ. 4:16). முன்னர்த் தாம் எழுதியதன் கருத்து இன்னதென்று கொரிந்தியருக்கு அவர் மீண்டும் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது (1 கொரி. 5:9-11). தம் எழுத்தையும் பேச்சையும் ஒப்பிட்டுச் சிலர் இகழ்ந்ததை மறைக்காமல் எடுத்துரைத்தே அவர் விடையளித்தார் (2 கொரி. 10:10-11). வாசகரின் மறுமொழிக்கு அவரது எழுத்துக்குள்ளேயே இடமிருந்தது.

தமிழ்க் கிறிஸ்தவக் கல்வி வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். அங்குக் கற்றவர்களே 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’ இதழின் முதல் ஆசிரியர்களாயினர். வகுப்பறையில் பெற்ற பயிற்சி பொதுமக்கள் முன் வந்து நின்றது.

அண்மைக் காலத்தில், பீட்டர் எல்போ என்னும் அமெரிக்கக் கல்வியாளர், ஆசிரியரின்றியே சிறு குழுவாகக் கூடி எழுதப் பழகும் முறையை 1973இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். குழுவினர் தீர்ப்புக் கூறுவதில்லை. கேட்கும்போது தம் மனத்தில் நிகழ்ந்ததையே கூறுவர். இம்முறையை நமக்குப் பழக்கமான கையெழுத்து இதழோடு இணைக்கலாம். வாரந்தோறும் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதிக் குழுவில் வாசிக்கட்டும். எவ்விடத்தில் பொருள் விளங்கியது, எவ்விடத்தில் மயங்கியது என்று கேட்டோர் கூறட்டும். திருத்தி எழுதிய பின்னர் அது இதழில் சேர்ந்து நூலக மேசைக்குச் செல்லட்டும். எதிர்ப்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். வாசித்தவர் அதில் தம் கருத்தைப் பெயரிட்டு எழுத, ஆக்கியோன் விடையளிக்கலாம். இவ்வெழுத்துக்கு மதிப்பெண் வேண்டா.

இலக்கணம் புறக்கணிக்கப்படுமோ எனச் சிலர் ஐயுறலாம். பிறர் வாசிக்கப் போகிறார்கள் என்றறிந்த மாணவர் பிழை திருத்தத் தாமே முன்வருவார். எனினும் இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவரின் ஊர்வழக்கு நகைப்புக்குள்ளானால், அவர் மீண்டும் எழுதத் துணியார். ஆகவே குழுவில் நம்பிக்கை வளர்ந்த பின்னரே இதழுக்குச் செல்ல வேண்டும். அடுத்து, களப்பணியின்போது சபையார் நம்பி ஒப்புவித்த துயரங்கள் பொருளாதல் ஆகாது. பெயரை மாற்றினாலும் சிற்றூரில் ஆளை அறிந்துகொள்வர். எழுதும் உரிமையோடு எழுதாதிருக்கும் கடமையையும் மாணவர் இங்கேயே கற்க வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவில்லை, தாளும் நேரமும் போதும். ஆனால் ஆசிரியர்களாகிய நாமும் நம் பக்கத்தை அவ்விதழில் சேர்த்து, மாணவரின் மறுமொழியை ஏற்க வேண்டும். நாம் தயங்குவதை அவர்களிடம் எதிர்பார்ப்பது முறையன்று.